இறந்தவர் பாடினார்!

பாடகர் சாகுல் அமீது 1990-களின் பிற்பகுதியில் கார் விபத்தில் இறந்தார். பம்பா பாக்கியா 2022-ம் ஆண்டில் காலமானார்.

ஆனால் 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த "லால் சலாம்" படத்தில் இருவரும் பாடினார்கள்!

ஆவியும் இல்லை, மாயமும் இல்லை. எல்லாம் கம்ப்யூட்டர் செய்த வேலை.

ஒருவர் பாடிய பழைய பாட்டுகளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிறார்கள். அவருடைய குரல் எப்படி ஒலிக்கிறது, எங்கே கரகரக்கிறது என்பதையெல்லாம் அது கணக்கெடுத்துக் கொள்கிறது. பிறகு, பெரும்பாலும் உயிரோடு இருக்கும் ஒரு பாடகர் புதிய மெட்டைப் பாடுகிறார். அவருடைய குரலை எடுத்து விட்டு, இறந்தவரின் குரலை அந்த இடத்தில் கம்ப்யூட்டர் பொருத்தி விடுகிறது. பாட்டு இவருடையது, குரல் அவருடையது!

மிமிக்ரிக்காரர் சிவாஜி போலப் பேசினால் கை தட்டுகிறோம். பேசுவது சிவாஜி அல்ல என்பது குழந்தைக்கும் தெரியும். இங்கே அப்படி அல்ல. சொன்னால்தான் தெரியும்.

கேட்டு வாங்கிய குரல்

இரண்டு குடும்பங்களிடமும் அனுமதி பெற்றதாகவும், தக்க பணம் கொடுத்ததாகவும் இசை அமைப்பாளர் ஏ.ஆர்.ரகுமான் அறிவித்தார். அது நல்ல வழி.

அதே சமயத்தில் ஒரு தெலுங்குப் படத்தைப் பற்றி வேறு செய்தி வந்தது. 2020-ம் ஆண்டில் மறைந்த எஸ்.பி.பாலசுப்பிரமணியத்தின் குரலை, குடும்பத்தைக் கேட்காமல் இப்படி உண்டாக்கி விட்டார்கள் என்று அவருடைய மகன் சரண் வக்கீல் நோட்டீசு அனுப்பினார்.

2024-ம் ஆண்டு ஜூலையில், பாடகர் அரிஜித் சிங் போட்ட வழக்கில் பம்பாய் ஐகோர்ட்டு அவருடைய குரலுக்கு இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தது. அமெரிக்க நடிகர்கள் 2023-ம் ஆண்டில் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நடிகரின் உருவத்தையோ குரலையோ கம்ப்யூட்டரில் நகல் செய்தால் சம்மதம் வேண்டும், சம்பளம் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்தார்கள்.

ஏழைக் குரல்

புகழ் பெற்றவர்களுக்கு வக்கீல் உண்டு, சங்கம் உண்டு. கோரஸ் பாடும் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? நாள் கூலிக்கு "டப்பிங்" பேசும் இளைஞர், "என் குரலின் எல்லா உரிமையும் கம்பெனிக்கே" என்று அச்சடித்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டு விட்டால், ஒரு நாள் கூலிக்குக் காலமெல்லாம் அவர் குரல் உழைக்கக் கூடும்! அவரோ வீட்டில் வேலை இல்லாமல் இருப்பார்.

இன்னொருவரையும் நாம் மறந்து விடுகிறோம். இறந்தவரின் குரலுக்குள் மறைந்து கொண்டு பாடினாரே, அந்த உயிருள்ள பாடகர்! அவருக்கும் ஒரு வாய்ப்புத் தேவை. ரசிகர்கள் கண்ணீர் விட்டுக் கேட்கும் பாட்டில் அவருடைய பெயர் இல்லை என்றால், அடுத்த படத்துக்கு அவரை யார் கூப்பிடுவார்கள்?

உங்கள் வீட்டில் பாடுகிற பிள்ளையோ, பேசுகிற பிள்ளையோ இருந்தால், கையெழுத்துப் போடும் முன்பு அந்தக் காகிதத்தை முழுவதும் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். குரலைக் கேட்பது இந்த ஒரு படத்துக்கா, கம்ப்யூட்டருக்குமா என்று கேட்கச் சொல்லுங்கள்.