பீரோவும் நாட்காட்டியும்

"பீரோ நிறையப் புடவை இருக்கிறது, கட்டிக்கொள்ளத்தான் ஒன்றுமில்லை" என்னும் முறையீட்டைக் கேளாத குடும்பம் தமிழ்நாட்டில் இருக்குமென்று நமக்குத் தோன்றவில்லை. ஆடவர் இதைக் கேட்டு நகைப்பது வழக்கம். ஆயினும், இருபது ஆண்டுகளாகப் பள்ளிக்கூடத்து மணியோசைக்கு முன்னால் அவசர அவசரமாகப் பீரோவைத் திறந்து மூடிய அநுபவத்தைக் கொண்டு சொல்கிறோம்: அந்த முறையீட்டில் பொய் சிறிதும் இல்லை. கல்யாணத்திற்கும் கார்த்திகைக்கும் வாங்கியவை பீரோவை அடைத்துக்கொண்டிருக்கும்போது, செவ்வாய்க்கிழமைக்கு உடுத்த ஒன்று எங்கிருந்து கிடைக்கும்?

இதைப் பற்றி எழுதத் தூண்டிய சம்பவம் நம் வீட்டிலேயே நடந்தது. சென்ற தை மாதத்தில் நம் தங்கையின் பெண்ணுக்கு விவாகம் நிச்சயமாயிற்று. அந்தக் குழந்தை ஒரு நாள் வந்து, "பெரியம்மா, நலங்கின்போது பாட்டியின் கூறைப் புடவையைக் கட்டிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டாள். நமக்கு உள்ளம் குளிர்ந்தது. மாயவரத்துக் கூறைநாட்டில் பட்டும் பருத்தியும் கலந்து, கட்டங்களிட்டு நெய்த புடவை அது. நம் அன்னையார் மணவறையில் உடுத்தியது. பட்டுப் புடவைகளின் அடுக்கையெல்லாம் இறக்கி, அடியிலிருந்து அதை எடுத்துப் பிரித்தோம். மடிப்புக்கு மடிப்பு, கத்தியால் கீறினாற்போல் விட்டுப் போயிருந்தது. சரிகை கறுத்துவிட்டது. நடுவில் போட்டிருந்த அந்துருண்டையின் தடம் வட்டமாகத் தெரிந்தது. "பரவாயில்லை, பெரியம்மா" என்று சொல்லி, கிழிந்ததை மறுபடியும் அதே மடிப்பில் மடித்து அவள் நம் கையில் கொடுத்தாள். அவள் கோபித்துக்கொண்டிருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

குற்றம் நெய்தவருடையதன்று, துணியினுடையதுமன்று. பதினொரு ஆண்டுகளாக அதை எடுத்துப் பார்க்காதவர் நாம்தான். பார்க்க முடியாதபடி அதன்மேல் நாற்பது புடவைகளை ஏற்றியவரும் நாம்தான்.

அன்றிரவு நாட்குறிப்பை எடுத்துக் கணக்குப் போட்டோம். ஓராண்டின் 365 நாட்களில், பள்ளிக்குச் சென்றவை 210; வீட்டிலேயே கழிந்தவை 120; கடைவீதி, வைத்தியர், உறவினர் வீடு என்று சென்றவை 24; பட்டு உடுத்தியவை 11. பிறகு பீரோவை எண்ணினோம். மொத்தம் 64 புடவைகள். அவற்றில் பட்டு 41. பள்ளிக்கு ஏற்றவை 9. வீட்டிற்கு உரியவை 6. எதற்கும் உதவாமல், கொடுக்கவும் மனமில்லாமல் வைத்திருந்தவை 8. பதினொரு நாட்களுக்கு 41 புடவைகள். இருநூற்றுப் பத்து நாட்களுக்கு ஒன்பது! பள்ளியில் குழந்தைகளுக்கு வகுத்தல் கணக்குச் சொல்லிக் கொடுப்பவருடைய வீட்டில் இப்படி ஒரு கணக்கு.

ஆடவர் இதைப் படித்து மகிழ வேண்டாம். கல்யாணத்தன்று தைத்த கோட்டு, இப்போது ஒரு பொத்தானும் எட்டாத நிலையில், பீரோவின் நல்ல கொக்கியில் தொங்குவதையும், தினமும் உடுத்தும் வேஷ்டி நாற்காலியின் முதுகில் கிடப்பதையும் நாம் எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறோம்.

ஆகவே முதல் வேலை துணியை எண்ணுவதன்று; நாட்களை எண்ணுவது. எந்த நாட்கள் மிகுதியோ அவற்றிற்கு உரிய துணிக்குப் பீரோவில் கண்ணுக்கு நேரான தட்டைக் கொடுக்க வேண்டும். எப்போதோ உடுத்துவது மேலே போகலாம். நாம் இவ்வளவு காலம் இதை நேர்மாறாகச் செய்து வந்தோம்.

எத்தனை துணி வேண்டும் என்பதை ஊரின் சீதோஷ்ணம் தீர்மானிக்கிறது. தரங்கம்பாடியில் சித்திரையில் துவைத்த பருத்திப் புடவை இரண்டு நாழிகையில் உலர்ந்துவிடும். வாரத்தில் ஐந்து பள்ளி நாட்களுக்கு ஐந்து புடவைகள் தாராளம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், கொடியில் போட்டது மூன்று நாளாகியும் ஈரவாடை போகாது. அப்போது எட்டாவது இருந்தால்தான் சமாளிக்கலாம். அதற்கு மேல் வேண்டுவதில்லை. மலைநாட்டில் இருப்பவருக்கும் மதுரையில் இருப்பவருக்கும் இந்தக் கணக்கு வேறாகும்.

காக்கும் விதத்திலும் நம் ஊருக்கென்று சில நியதிகள் உண்டு. 1620-ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அநுமதி பெற்று டேனிஷ்காரர் இங்கே கோட்டை கட்டியபோது, மிளகோடு சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியும் அவர்களுடைய வியாபாரத்திற்கு உரியதாயிற்று. துணிக்குப் பெயர்பெற்ற இதே கரையின் உப்புக்காற்றுத்தான் துணிக்குச் சத்துருவும் ஆகிறது. இரும்பு பீரோவைக் கடலைப் பார்த்த சுவரோடு ஒட்டி வைத்தால் பின்புறம் துருவேறி, துருக்கறை துணியில் இறங்கும். நான்கு விரற்கடை தள்ளி வைப்பது நலம். சரிகையில் உள்ள வெள்ளி ஈரத்தாலும் காற்றிலுள்ள கந்தகத்தாலும் கறுக்கும். ஆகையால் பட்டைப் பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை, மழையில்லாத நாளில், நிழலில் பிரித்துக் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். இந்த ஒன்றைச் செய்திருந்தால் நம் அன்னையாரின் கூறை பிழைத்திருக்கும். அந்துருண்டை பட்டின்மீதும் சரிகையின்மீதும் படக்கூடாது. வசம்புத் துண்டைச் சிறு துணியில் முடிந்து போடலாம். கஞ்சியிட்ட பருத்தியை நெடுநாள் வைப்பதாயின் கஞ்சியை அலசிவிட்டே வைக்க வேண்டும். கஞ்சிப் பசை பூச்சிகளுக்கு விருந்து.

இனி, மிகுந்த துணியை என்ன செய்வது? "ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாமே" என்று உடனே சொல்லிவிடுவோம். இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கரையை அழித்தபோது, உடுத்திய துணியைத் தவிர வேறொன்றும் இல்லாமல் எத்தனையோ குடும்பங்கள் நின்றன. நாடெங்குமிருந்து உதவி வந்தது. அதை ஒருநாளும் மறப்பதற்கில்லை. ஆனால் அத்துடன் கிழிந்ததும் கறைபட்டதுமான பழந்துணி மூட்டைகளும் வந்தன. நாகப்பட்டினம் வட்டாரத்தின் சாலையோரங்களில் அவை எடுப்பாரின்றிக் குவிந்து கிடந்தன. அதுவரை கடலில் உழைத்துத் தங்கள் துணியைத் தாங்களே வாங்கி உடுத்திய மக்கள், பிறர் கழித்துப் போட்டதைத் தொட விரும்பவில்லை. அதில் அவர்கள் பிழை என்ன? நாம் நாளைக்கு உடுத்தக் கூசாத துணியே தானத்திற்குத் தகுந்தது. மற்றது வீட்டிலேயே தூளியாகவும் துடைக்கும் துணியாகவும் உழைக்கட்டும்.

வாங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1915-ஆம் ஆண்டில் தில்லையாடிக்கும் தரங்கம்பாடிக்கும் வந்த காந்தியடிகள், மே மாதத் தொடக்கத்தில் மாயவரத்தில் பேசினார். அவ்வூர்த் தறிகளெல்லாம் பெண்களின் புடவையை மட்டுமே நெய்கின்றன என்று கேள்வியுற்று, சுதேசியம் பெண்களுக்கு மட்டும்தானா, ஆடவர் தங்கள் துணியை இத்தறிகளிலிருந்து பெறக்கூடாதா என்று அங்கே கூடியிருந்த பெரியோர்களைக் கேட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1921 செப்டம்பர் 22 அன்று, அவர் மதுரையில் தம் உடையையே அரைத்துணியாகக் குறைத்துக்கொண்டார். அந்தத் துறவை நாம் யாரிடமும் எதிர்பார்க்கவில்லை. ஆயினும் மாயவரத்துக் கேள்வி இன்னும் பொருளுடையதாகவே இருக்கிறது. விசேஷத்திற்கு மட்டும் கைத்தறியைத் தேடினால், நெசவாளிக்கு முகூர்த்த மாதங்களில் வேலை, மற்ற மாதங்களில் கவலை. தினமும் உடுத்தும் புடவையும் வேஷ்டியும் சட்டைத் துணியும் தறியிலிருந்து வந்தால் ஆண்டு முழுதும் அவர் அடுப்பு எரியும். நமக்கும் இந்த ஊர்ப் புழுக்கத்தில் மேனி குளிரும். ஒரு பட்டின் விலைக்கு நல்ல பருத்திப் புடவைகள் பல வாங்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

நம் வீட்டுப் பீரோவில் இப்போது புடவைகள் குறைந்திருக்கின்றன. அவற்றில் பருத்தி மிகுதி. நல்ல நிலையில் இருந்த பட்டுக்களில் ஆறு, கேட்டவர்களின் விருப்பப்படி உறவுப் பெண்களிடம் போய்ச் சேர்ந்தன. அன்னையாரின் கூறையில் கிழியாமல் எஞ்சிய முந்தானைப் பகுதியை ஒரு தையற்காரர் பக்குவமாக வெட்டி, தங்கையின் பெண்ணுக்கு ரவிக்கையாகத் தைத்துக் கொடுத்தார். நலங்குக்கு அது ஆகவில்லை. இப்போது வேலைக்குப் போகும்போது, வெள்ளிக்கிழமை தோறும் அதைப் போட்டுக்கொள்வதாகக் கடிதம் எழுதியிருக்கிறாள்.