வள்ள இயந்திரம் சூடேறினால் நீர்வழியை முதலிற் பார்க்க

திருகோணமலை மாவட்டத்தின் தென்புறத்தே, கடலும் களப்பும் சூழ அமைந்தது இலங்கைத்துறை. வயலையும் வள்ளத்தையும் ஒருங்கே நம்பி வாழும் குடும்பங்கள் இங்கு உண்டு. ஆகலின் வெளியிணைப்பு இயந்திரத்தின் பழுதைப் பற்றிக் கமக்காரருக்குக் கூறுதல் புறம்பான செய்தியன்று. மிகுந்த சூட்டினால் பிஸ்ரன் சிலிண்டருடன் இறுகிவிடின், நெல் விற்ற பணமெல்லாம் திருத்தும் கூலிக்கே போய்விடும். வாடைக்காற்றுக் காலத்தில் முகத்துவாரத்து அலைகளுக்கு நடுவே இயந்திரம் நின்றுவிடின், இழப்பு பணத்தோடு நில்லாது.

சூடேறிய இயந்திரத்தைக் கண்டதும் அதன் தலைப்பகுதியைக் கழற்றத் தொடங்குதலும், வெப்பத்தை அளந்து நீரை விடும் தேமோஸ்டற்றை எடுத்து எறிந்துவிடுதலும் சிலரிடம் காணப்படும் வழக்கங்கள். இவை இரண்டும் தவறானவை. பயிர் வாடினால் அனுபவமுள்ள கமக்காரன் முதலில் மதகையும் வாய்க்காலையும் பார்ப்பானேயன்றி, மண்ணைத் தோண்டிப் பார்ப்பதில்லை. இயந்திரத்துக்கும் அம்முறையே ஏற்றது.

நீர் செல்லும் வழி

இவ்வியந்திரம் தான் மிதக்கும் நீரைக்கொண்டே தன்னைக் குளிர்வித்துக் கொள்கிறது. விசிறிக்கு அண்மையிலுள்ள துவாரங்களால் நீர் உட்புகும். இம்பெல்லர் எனப்படும் இறப்பர்ச் சக்கரம் அதனை மேலே தள்ளும். நீர் சிலிண்டரைச் சுற்றி ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறும். அந்நீரிற் சிறிதளவு பின்புறத் துளையாற் பீச்சுவதைக் காணலாம். அத்தாரை மெலிந்தாலும் நின்றாலும் ஆபத்து அணுகிவிட்டது என்று உணர்தல் வேண்டும்.

பார்க்கவேண்டிய ஒழுங்கு

முதலாவதாக, இயந்திரத்தை நிறுத்தி நங்கூரம் இடுக. பின்னர் இயந்திரத்தை உயர்த்தி, நீர் புகும் துவாரங்களில் பாசியோ, பிளாஸ்ரிக் பையோ, வலைத்துண்டோ அடைத்துள்ளதா எனப் பார்க்க. ஆழமற்ற களப்பில் சேறும் மணலும் புகுதல் எளிது. விசிறியிற் கயிறு சுற்றியிருப்பினும் இயந்திரம் மிகையாக உழைத்துச் சூடேறும்.

இரண்டாவதாக, நீர் பீச்சும் துளையை நைலோன் தங்கூசியால் மெல்லக் குத்திப் பார்க்க. இயந்திரம் கரையிற் கிடந்த நாட்களிற் குளவி அதனுள் மண்கூடு கட்டியிருத்தலும் கூடும். அப்படியாயின் பழுது துளையிலேயன்றி இயந்திரத்தில் இல்லை.

மூன்றாவதாக, இயந்திரம் வள்ளத்தில் மிக உயரமாகப் பூட்டப்பட்டுள்ளதா எனப் பார்க்க. துவாரங்கள் நீர்மட்டத்துக்கு மேலெழுந்தால் நீருக்குப் பதிலாகக் காற்றே உட்செல்லும்.

இவற்றிற் குறையில்லையெனின், கரை சேர்ந்தபின் இம்பெல்லரைக் கழற்றிப் பார்க்க. இறப்பர் இதழ்கள் வெடித்தோ, ஒரு பக்கம் வளைந்து இறுகியோ இருப்பின் புதியது இடுக. நீரின்றிச் சிறிது நேரம் ஓட்டினாலும் அவ்விதழ்கள் கருகிவிடும். கரையில் வைத்து முடுக்கிப் பார்க்கும் பழக்கம் ஆகாது என்பது இதனாலேயே.

தேமோஸ்டற்றை இறுதியிற் சோதிக்க. நூலிற் கட்டி நீர்ப்பாத்திரத்தில் தொங்கவிட்டு அடுப்பிற் சூடேற்றினால், நீர் கொதிக்குமுன் அது திறத்தல் வேண்டும். திறவாவிடின் மாற்றுக. அதனை நீக்கிவிட்டு ஓட்டினால் இயந்திரம் வேண்டிய சூட்டை அடையாது. எரிபொருள் முற்றாக எரியாமற் கரி படியும். மண்ணெண்ணெய் ஆவியாவதற்குச் சூடு தேவையாதலால், மண்ணெண்ணெய் இயந்திரத்துக்கு இக்கேடு இன்னும் மிகுதி.

சூடேறிய இயந்திரத்தின்மேற் குளிர்நீரைக் கொட்டுதல் கூடாது. உலோகம் வெடிக்கக்கூடும். தானே ஆறும்வரை பொறுத்திருத்தலே நன்று.

பொய்ச் சிக்கனம்

2022 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. அத்தகைய வேளையில், எரிபொருளுடன் கலக்கும் எண்ணெயிலேனும் மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணம் எழுதல் இயல்பே. ஆயினும் எண்ணெய் குறைந்தால் உராய்வு மிகும். உராய்வு மிகுந்தாற் சூடு மிகும். கைந்நூலில் 50 பங்குக்கு 1 பங்கு எனக் குறித்திருப்பின், 10 லீற்றர் எரிபொருளுக்கு 200 மில்லிலீற்றர் எண்ணெய் கலத்தல் வேண்டும். அதிற் குறைத்து மிச்சம் பிடிப்பது, விதைநெல்லைக் குற்றி உண்பதை ஒக்கும்.

வருமுன் காத்தல்

உவர்நீரில் ஓடிய இயந்திரத்தை, அன்றன்றே நன்னீர் நிறைந்த பீப்பாயில் நிறுத்திச் சுமார் 10 நிமிடம் மெதுவாக ஓட்டுக. துவாரங்கள் நீரில் நன்றாக அமிழ்ந்திருத்தல் வேண்டும். இதனால் நீர்வழியில் உப்புப் படிதல் தடைப்படும். ஆண்டுக்கு ஒருமுறை இம்பெல்லரைக் கழற்றிச் சோதித்தலும், வள்ளத்தில் ஒன்றை மேலதிகமாக வைத்திருத்தலும் நலம். தனித்தனியே நகருக்குச் சென்று அலைவதினும், கூட்டுறவுச் சங்கங்கள் இவ்வுதிரிப்பாகங்களை வாங்கி வைத்து அங்கத்தவர்க்கு வழங்குதல் சிறந்த ஏற்பாடாகும்.

மரக்கறித் தோட்டத்தில் நீர் இறைக்கும் சிறிய இயந்திரங்களுக்கும் இந்நெறி பொருந்தும். அவற்றுட் பல காற்றினாற் குளிர்வன. சிலிண்டரைச் சுற்றியுள்ள உலோக மடிப்புகளில் தூசியும் வைக்கோலும் அடைந்தால் அவையும் சூடேறும். கிழமைக்கு ஒருமுறை துடைத்துவிடுதல் எளிது.

பழுது நேர்ந்தபின் மெக்கானிக்கை நாடுவதைக் காட்டிலும், புறப்படும் ஒவ்வொரு முறையும் நீர்த்தாரையை ஒரு கணம் நோக்குதல் மேலானது. அதற்குச் செலவு ஏதுமில்லை.