ஏழைகளின் லைக்கா

லைக்கா என்றதும் சினிமா கம்பெனியையோ, 1957-ல் ரஷ்யாக்காரர்கள் விண்வெளிக்கு அனுப்பிய நாயையோ நினைத்தால் நான் பொறுப்பில்லை. நான் சொல்வது ஜெர்மன் கேமரா. 1925-ல் லைப்சிக் கண்காட்சியில் வெளிவந்தது. கேமரா என்றால் மூன்று கால் ஸ்டாண்டும் கறுப்புத் துணியும் என்றிருந்த காலத்தில், சினிமா ஃபிலிமைப் போட்டுக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு திரியலாம் என்று காட்டியது.

இந்த வகைக்கு ரேஞ்ச்ஃபைண்டர் என்று பெயர். எட்டிப் பார்க்கும் கண்ணாடியில் ஒரே ஆள் இரண்டாகத் தெரிவார். லென்ஸைத் திருகி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ். உள்ளே மேலும் கீழும் அடிக்கிற கண்ணாடி கிடையாது, அதனால் சத்தமும் குறைவு, உருவமும் சின்னது. எல்லாம் சரி, விலைதான் சின்னதில்லை. 2022-ல் எம்11 வந்தபோது அதன் அமெரிக்க விலை 8,995 டாலர். லென்ஸ் தனி!

இந்த இடத்தில்தான் 2010 செப்டம்பரில் ஃபியூஜி உள்ளே வந்தது. ஜெர்மனியில் நடந்த ஃபோட்டோகினா கண்காட்சியில் எக்ஸ்100 என்று ஒரு டிஜிட்டல் கேமராவைக் காட்டினார்கள். பார்க்க அசல் லைக்கா சாயல். உண்மையில் ரேஞ்ச்ஃபைண்டர் இல்லை, ஃபோகஸ் தானாகவே ஆகிவிடும். கழற்ற முடியாத ஒரே லென்ஸ், மேலே திருகுகிற டயல்கள். விலை 1,199 டாலர். உடனே "ஏழைகளின் லைக்கா" என்று பட்டம் கட்டிவிட்டார்கள்.

ஏற்காட்டை ஏழைகளின் ஊட்டி என்பார்களே, அது மாதிரி. சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு வரும்போது ஏற்காட்டில் ரூம் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அந்த ஏழை யார் என்று.

எக்ஸ்100-க்கும் அதுவே நடந்தது. 2020-ல் வந்த ஐந்தாவது மாடல் 2022 வாக்கில் டிக்டாக்கில் பிரபலமாகி, புதுசின் விலையைவிட செகண்ட் ஹேண்ட் அதிக விலைக்குப் போனது. டிக்டாக்கை இந்தியாவில் 2020-லேயே தடை செய்துவிட்டார்கள். அது ஏற்றிவிட்ட விலை மட்டும் தடையில்லாமல் இங்கே வந்து சேர்ந்தது. 2024 பிப்ரவரியில் ஆறாவது மாடலை அறிவித்தார்கள். 40 மெகாபிக்சல், கை நடுங்கினாலும் படம் ஆடாது. அமெரிக்காவில் 1,599 டாலர், இந்தியாவில் சுமார் ஒரு லட்சத்து அறுபதாயிரம். எதிர்பார்த்ததைவிட ஆர்டர் அதிகம் என்று கம்பெனியே சொன்னது. உலகம் முழுக்க வெயிட்டிங் லிஸ்ட். அந்த லிஸ்டில் திருவல்லிக்கேணியிலிருந்து அடியேனும் ஒருவன்.

படிப்பது பி.காம் என்பதால் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 2011-ன் 1,199 டாலர், விலைவாசி ஏற்றத்தைச் சேர்த்தால், 2024-ல் ஏறக்குறைய 1,650 டாலருக்குச் சமம். அதாவது அமெரிக்காக்காரனுக்கு அப்போது இந்தக் கேமரா விலை ஏறியிருக்கவே இல்லை, கொஞ்சம் இறங்கியிருந்தது. நமக்கு? 2011 தொடக்கத்தில் டாலர் சுமார் 45 ரூபாய். அப்போதைய விலை வரி சேர்க்காமல் 54,000. 2024 பிப்ரவரியில் டாலர் 83. 1,599-ஐப் பெருக்கினால் 1,32,700. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியைப் போட்டால் 1,56,600. கடை விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டதா! (2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது டிஜிட்டல் கேமராவுக்கு 28 சதவீதம். 2019 ஜனவரியில்தான் 18 ஆனது.) ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கும் கல்யாண போட்டோகிராஃபர் கட்டிய வரியை இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். மாணவன் கட்டினால் கட்டியதுதான். ஆக, ஃபியூஜியைத் திட்டுவதில் பாதி நியாயம்தான் இருக்கிறது. மீதியை ரூபாயின் கணக்கில் எழுத வேண்டும்.

"போனில் எடுத்துத் தொலையேன்டா" என்கிறான் என் நண்பன். எங்கள் தெருக்களில் கேமராவோடு நடந்து பார்த்தால்தான் பிரச்சினை புரியும். பார்த்தசாரதி கோயில் தேரன்று பெரிய கேமராவைத் தூக்கினால் "எந்தப் பத்திரிகை சார்?" என்று கேட்டு, சட்டையை இழுத்துவிட்டு நிற்பார்கள். முடிந்தது, படம் போச்சு. போனை நீட்டினாலோ ரீல்ஸ் எடுக்கிறான் என்று முறைப்பு. ஜாம்பஜாரில் ஒரு மீன்காரம்மா "யூடியூபா? போ அந்தாண்ட" என்று விரட்டியே விட்டார். பார்த்தால் யாரும் ஒரு பொருட்டாக நினைக்காத சின்னக் கேமரா வேண்டும் என்ற ஆசை வெறும் பந்தா இல்லை.

கார்ட்டியே ப்ரெஸ்ஸன் என்ற பிரெஞ்சுக்காரர் லைக்காவின் பளபளக்கும் பாகங்களில் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்ததும் இதற்குத்தான். 1948 ஜனவரி 30 அன்று, காந்தி சுடப்படுவதற்குச் சற்று முன்பு அவரைச் சந்தித்துவிட்டு வந்தவர். 1950 ஏப்ரல் 14 அன்று ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தார். கையில் இருந்தது சின்னக் கேமரா, பெரும்பாலும் ஒரே 50 எம்எம் லென்ஸ். (அவர் ஒன்றும் ஏழை இல்லை, நூல் ஆலைக் குடும்பம். அதையும் சொல்லிவிட வேண்டும்.) ஆனால் அந்த இரண்டு நாளிலும் அவர் அங்கே இருந்தார் என்பதுதான் முக்கியம். அடுத்த மாடல் வரட்டும் என்று பாரீஸில் உட்கார்ந்திருக்கவில்லை.

நான் உட்கார்ந்திருந்தேன். பிளஸ் டூ பசங்களுக்கு அக்கவுண்டன்சி டியூஷன் எடுத்துச் சேர்த்தது 71,000 ரூபாய். கடையில் கேட்கும்போதெல்லாம் "இன்னும் ரெண்டு வாரம் தம்பி" என்பார்கள். வெளியே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டாலும் உள்ளுக்குள் நிம்மதிதான். ஸ்டாக் வந்துவிட்டால் மீதிப் பணத்துக்கு எங்கே போவது? அதைவிட, வாங்கிய பிறகும் படம் நன்றாக வராவிட்டால் யாரைக் குற்றம் சொல்வது? கேமரா வராத வரைக்கும் நானும் பெரிய போட்டோகிராஃபர்தான்.

பாரதி சாலை நடைபாதையில், பழைய புத்தகக் கடைகள் தாண்டி, குடை ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவர் உட்காருவார். கம்பியை வாயில் கடித்துக்கொண்டு துணியைத் தைப்பார். புதுக் கேமராவில் முதல் படம் இவர்தான் என்று முடிவு செய்து வைத்திருந்தேன். ஏழெட்டு மாதம் தினமும் காலேஜ் போகும்போது பார்த்துக்கொண்டே போனேன். ஒரு நாள் அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கும் பையன் உட்கார்ந்திருந்தான். "தாத்தா ஊருக்குப் போய்ட்டாருண்ணா. இனிமே வரமாட்டாரு." பையில் போன் இருந்தது. ஏழெட்டு மாதமும் இருந்தது.

ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடும் இன்னொன்றின் மதிப்புக்கு எங்கள் பாடத்தில் வாய்ப்புச் செலவு என்று பெயர். ஐந்து மார்க் கேள்வி. எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன், புரிந்தது அன்றைக்குத்தான்.

அதனால் என் கட்சி இதுதான். லைக்காவுக்குச் சவால் விடும் கேமரா என்று எது வந்தாலும் வரட்டும், நல்லதுதான். போட்டி இருந்தால்தான் நமக்கு லாபம். ஆனால் ஏழைகளின் எதுவும் ரொம்ப நாள் ஏழைகளிடம் இருப்பதில்லை. ஃபியூஜியே 2025 மார்ச்சில் 4,899 டாலருக்கு ஒரு ஜிஎஃப்எக்ஸ்100ஆர்எஃப் விட்டாயிற்று. அந்த மலையில் அவர்கள் ஏறிக்கொண்டே இருப்பார்கள். பின்னாலேயே மூச்சிரைக்க ஓடாமல், கையில் இருக்கும் காசுக்கு எது கிடைக்கிறதோ அதை வாங்கித் தெருவில் இறங்கிவிட வேண்டும்.

நான் இறங்கிவிட்டேன். 2014-ல் வந்த மூன்றாவது மாடல், 16 மெகாபிக்சல், ஒரு கல்யாண போட்டோகிராஃபரிடம் செகண்ட் ஹேண்ட். மூலையில் பெயின்ட் போயிருக்கிறது. போன வாரம் ஜாம்பஜாரில் அதே மீன்காரம்மா அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பழைய காமிராவா தம்பி? ரோல் கெடைக்குதா இன்னும்?" என்று கேட்டுவிட்டு மீன் வெட்டப் போய்விட்டார்.

எடுத்தேன். சுமாராகத்தான் வந்திருக்கிறது.

பி.கு: ஏழாவது மாடல் எப்போது வரும் என்று நண்பன் கேட்க ஆரம்பித்துவிட்டான். அவனுக்குக் காத்திருக்கப் பொறுமை இருக்கிறதாம். எனக்கு வரிசையில் நின்ற கால் இன்னும் வலிக்கிறது :)