பத்தாம் வகுப்பிலேயே மூடப்படும் கதவுகள்

விழுப்புரம் மாவட்டத்தில் எங்கள் காலனியில் தோழர்கள் சேர்ந்து ஒரு மாலை நேரப் படிப்பகம் நடத்துகிறோம். கடந்த மே மாதம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாள், தேறிய பிள்ளைகள் ஒன்பது பேரையும் உட்கார வைத்து, அடுத்து என்ன ஆகப் போகிறீர்கள் என்று கேட்டேன். நர்ஸ், டீச்சர், போலீஸ். ஒன்பது பேரிடமிருந்தும் வந்தவை இந்த மூன்று பதில்கள்தாம்.

மூன்றுமே நல்ல வேலைகள். ஆனால் ஏன் மூன்று மட்டும்? எங்கள் தெருவுக்கு வந்து போகிற மாதச் சம்பளக்காரர்கள் இவர்கள்தாம். தடுப்பூசி போட நர்ஸ் வருகிறார். பள்ளியில் டீச்சர் இருக்கிறார். தகராறு என்றால் போலீஸ் வருகிறது. ஒரு நீதிபதியையோ ஆடிட்டரையோ விஞ்ஞானியையோ இந்தப் பிள்ளைகள் நேரில் பார்த்ததே இல்லை. ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்து வைத்த சாதி, பிள்ளைகளின் கண்ணில் படும் வேலைகளையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. பார்க்காத ஒன்றின் மேல் ஆசை எப்படி வரும்?

நர்ஸ் என்று சொன்ன பெண்ணிடம் மேலும் பேசினேன். அவள் படித்தது வணிகவியல் பிரிவு. பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. "டென்த்துல மார்க் கம்மி, உனக்கு சயின்ஸ் குரூப்பு வராதுன்னு சொல்லிட்டாங்கண்ணா" என்றாள். பதினைந்து வயதில், பள்ளி அலுவலக வாசலில் ஐந்து நிமிடத்தில் முடிந்துபோன விஷயம் அது. இதைவிட மோசமான சேதி ஒன்றும் இருந்தது. பக்கத்து நகரத்தில் ஏதோ ஒரு நிறுவனம் 'ஒரே வருடத்தில் நர்ஸ்' என்று விளம்பரம் செய்திருக்கிறது. அவளுடைய அம்மா காதுத் தோட்டை அடகு வைத்து முன்பணம் கட்ட இருந்தார். செவிலியர் பட்டயப் படிப்பே மூன்று ஆண்டுகள். பி.எஸ்சி. என்றால் நான்கு. தமிழ்நாடு செவிலியர் மன்றத்தில் பதிவு செய்ய முடியாத படிப்பைப் படித்துவிட்டு, தனியார் மருத்துவமனையில் மிகக் குறைந்த கூலிக்கு உதவியாளராக நிற்கும் பெண்கள் எங்கள் பகுதியில் எத்தனையோ பேர்.

எனக்கும் இதுதான் நடந்தது. நான் பன்னிரண்டாவது முடித்தபோது பைக்கில் ஒரு ஏஜென்ட் வந்தார். "எஸ்.சி. பசங்களுக்கு ஸ்காலர்ஷிப் இருக்கு, ஒரு பைசா கட்ட வேணாம்" என்று சொல்லி அசல் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு போனார். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். மெக்கானிக்கல் என்றால் என்னவென்று தெரியாமலேயே மெக்கானிக்கல் படித்தேன். உதவித்தொகை தாமதமானது. படிப்பு முடிந்தபோது பாக்கியைக் கட்டினால்தான் சான்றிதழ் என்றார்கள். ஒரகடத்தில் இரண்டு வருடம் ஷிப்டு வேலை பார்த்து அதை மீட்டேன். மத்தியப் பல்கலைக்கழகங்கள் என்று ஒன்று இருப்பதும், அங்கே குறைந்த கட்டணத்தில் சமூகவியல் படிக்கலாம் என்பதும் அந்த ஷிப்டில் உடன் வேலை பார்த்த நண்பர் தற்செயலாகச் சொல்லித்தான் தெரியும். இன்று நான் ஆய்வு மாணவன். ஆனால் அந்தத் தற்செயல் என்னோடு படித்த மற்றவர்களுக்கு வாய்க்கவில்லை.

வசதியான மேல்சாதி வீடுகளில் இதற்கு 'வழிகாட்டுதல்' என்று பெயர்கூடக் கிடையாது. மாமா ஒரு கல்லூரியில் பேராசிரியர். அத்தை வங்கியில் மேலாளர். எந்தக் குரூப் எடுத்தால் என்ன படிக்கலாம், எந்தத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்பதெல்லாம் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே பிள்ளையின் காதில் விழுந்துவிடும். நிலத்தைப் போல, வீட்டைப் போல இதுவும் பரம்பரைச் சொத்துதான். பத்து வருடம் கழித்து அதற்கு 'தகுதி' என்று பெயர் வைத்து நம் இடஒதுக்கீட்டைக் கேள்வி கேட்பார்கள்.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம் பிள்ளைகளை அரை நாள் பள்ளியில் வைத்து, மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்கச் சொன்னது. பெரியார் அதைக் குலக்கல்வி என்று சொல்லிப் போராடினார். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் அதைக் கைவிட்டார். திட்டம் போய்விட்டது. வழக்கம் போகவில்லை. "உனக்கெதுக்கு ஃபர்ஸ்ட் குரூப்பு?" என்ற ஒற்றைக் கேள்வியில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. தூய்மைப் பணியில் இருந்த அப்பா இறந்துபோனால், பட்டம் படித்த மகன் அதே துடைப்பத்தை வாரிசு வேலையாக வாங்கிக்கொள்வதில் அது இருக்கிறது. மகனைக் குறை சொல்ல முடியுமா? அவன் முன்னால் வேறு எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையில் பலரும் கடந்துபோகும் ஒரு பெயர் கேளுஸ்கர். கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்ற அந்த ஆசிரியர்தான் இளைஞர் பீமராவின் படிப்பார்வத்தைப் பார்த்து, பரோடா மன்னர் சாயாஜிராவிடம் அழைத்துச் சென்றார். உதவித்தொகை கிடைத்தது. எல்பின்ஸ்டன் கல்லூரிப் படிப்பு தடையின்றி நடந்தது. 1913இல் அதே பரோடா உதவியோடு அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அறிவும் உழைப்பும் முழுக்க அம்பேத்கருடையவை. ஆனால் எந்தக் கதவை எப்போது தட்ட வேண்டும் என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தார். நம் ஒவ்வொரு காலனியிலும் அப்படி ஒருவர் இருக்க வேண்டும். அதைத் தற்செயலுக்கு விட்டுவிடக் கூடாது.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 'நான் முதல்வன்', 'புதுமைப் பெண்', தொழிற்கல்வியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை எல்லாமே போராடிப் பெற்ற சமூக நீதி அரசியலின் விளைச்சல்தான். ஆனால் மண்டபம் நிறையப் பிள்ளைகளை உட்கார வைத்து, மேடையிலிருந்து 'பெரிதாகக் கனவு காணுங்கள்' என்று பேசுவதால் மட்டும் காரியம் ஆகாது. தெரிந்து தேர்ந்தெடுக்கப் பட்டியலும், அதை அடைய வழியும் இல்லாமல் கனவை மட்டும் கொடுத்தால், தோற்றபின் பிள்ளை தன்னைத்தானே நொந்துகொள்ளும். சாதி தப்பித்துக்கொள்ளும்.

ஆகவே தோழர்களே, படிப்பகம் நடத்துகிற நாம் சில வேலைகளை எடுத்துச் செய்யலாம்.

பன்னிரண்டாவது முடிவுக்காகக் காத்திருக்காமல் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். பதினொன்றாம் வகுப்புக் குரூப் சேர்க்கையின்போது பெற்றோரோடு நம்மில் ஒருவர் பள்ளிக்குப் போக வேண்டும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும். இருளர் பிள்ளைகள் பழங்குடிச் சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு எத்தனை முறை அலைகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். அதைக் கடைசி மாதத்தில் தொடங்கினால் ஒரு வருடம் போய்விடும். அசல் சான்றிதழை எந்த ஏஜென்டிடமும் கொடுக்கக் கூடாது. கல்லூரிகள் அசலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்துவிட்டது என்பதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டும்.

பட்டியலை நீட்டுவதும் நம் வேலைதான். நம்மிலிருந்து போன ஒரு வழக்கறிஞர், ஒரு ஆடிட்டர், ஒரு ஆய்வாளர் மாதம் ஒருமுறை படிப்பகத்துக்கு வந்து, என்ன படித்தேன், எவ்வளவு செலவானது, எங்கே தடுக்கி விழுந்தேன் என்று மறைக்காமல் பேசினால் போதும். ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள் என்று பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டும். சேர்த்துவிட்டதோடு அது முடியாது. கல்லூரி முதலாண்டில்தான் ஆங்கிலத்துக்குப் பயந்தும் விடுதிக் காசுக்கு வழியில்லாமலும் பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள்.

அந்தப் பெண்ணின் மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். கணக்குப் பதிவியலில் 94. ஆடிட்டர் என்ற வேலையைப் பற்றி அவள் கேள்விப்பட்டதே இல்லை. சென்னையில் அந்தப் படிப்பைப் படிக்கும் நம் தோழி ஒருவரோடு போனில் பேச வைத்தோம். அம்மாவின் தோடு அடகுக்குப் போகவில்லை. "சம்பளம் வர எத்தினி வருசம் ஆவும் தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார். ஐந்தாறு வருடம் ஆகலாம் என்று உண்மையைச் சொன்னேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "சரி, படிக்கட்டும்" என்றார். இப்போது அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். முதலாண்டு படிக்கிறாள். ஆடிட்டர் ஆவாளா, வேறொன்று ஆவாளா என்பதை அவள்தான் முடிவு செய்வாள்.

அவளுடைய தங்கை இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. குரூப் சேர்க்கை நாளன்று பள்ளிக்குக் கூட வர வேண்டும் என்று அக்காவே என்னிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.