ஆக்கிரமிப்பாளர் யார்?

சென்னைப் பட்டணத்தில் கௌரவமான குடும்பங்கள் வசிக்கும் தெருக்களிலிருந்து கார்ப்பரேஷனுக்கும் போலீஸுக்கும் போகிற மனுக்களில் முக்கியமானவை இரண்டு வகை. ஒன்று, நடைபாதையை ஆக்கிரமித்திருக்கும் கடைகளை உடனே அகற்ற வேண்டும் என்பது. மற்றொன்று, தெருவில் பாதுகாப்பு இல்லை, கேமரா வைக்க வேண்டும், போலீஸ் ரோந்து வர வேண்டும் என்பது. மயிலாப்பூரானாலும் சரி, மேற்கு மாம்பலமானாலும் சரி, அண்ணா நகரானாலும் சரி, பெரும்பாலும் இரண்டிலும் கையெழுத்துப் போடுகிறவர்கள் ஒரே மனிதர்கள்தாம். முதல் மனு நிறைவேற நிறைவேற, இரண்டாவது மனுவுக்கு அவசியம் கூடிக்கொண்டே போகும் என்பது மட்டும் அவர்களுக்குத் தோன்றுவதில்லை. அதைத் தோன்றச் செய்ய முடியுமா என்று பார்ப்பதுதான் என் உத்தேசம்.

முதலில் ஆக்கிரமிப்பாளர் யார் என்று பார்த்துவிடுவோம். மனுவில் அவருடைய அடையாளங்கள் தெளிவாகவே இருக்கும். தெரு முனையில் பெட்டிக்கடை வைத்திருப்பவர், வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி நிறுத்தியிருப்பவர், கூடையை முன்னால் வைத்துக்கொண்டு பூக் கட்டும் அம்மாள், செருப்புத் தைக்கும் கிழவர், இளநீர் வண்டிக்காரர். இவர்களால்தான் நடக்க முடியவில்லையாம்.

அப்படியானால் ஒரு காரியம் செய்யலாம். ஏதாவது ஒரு குடியிருப்புத் தெருவை எடுத்துக்கொண்டு, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடைபாதையில் மட்டுமே நடப்பது என்று சபதம் செய்துகொண்டு கிளம்புங்கள். முதல் வீட்டு வாசலில், கார் ஏறுவதற்காகப் போட்ட சிமெண்டுச் சரிவு நடைபாதையை விழுங்கிவிட்டுத் தார் ரோடு வரையில் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது வீட்டில் செடித் தொட்டிகள். அவற்றைச் சுற்றிக் கம்பி வேலி. மூன்றாவது வீட்டில் ஜெனரேட்டர். நான்காவது வீட்டில், உறை போர்த்தி நிம்மதியாகத் துயிலும் ஒரு கார். அது அசைந்து எத்தனை மாதமாயிற்று என்பதை அதன் சக்கரத்தடியில் சேர்ந்திருக்கும் சருகுகளைப் பார்த்துச் சொல்லலாம். ஐந்தாவது வீட்டில், 'இங்கே வண்டி நிறுத்தாதே' என்ற பலகை, ஆணி அடித்த இரும்புக் காலோடு நடுப் பாதையில் நிற்கும். ஆறாவது வீட்டில் பழுதுபார்ப்பு வேலை; ஆகவே மணலும் ஜல்லியும். இடையிடையே சர்க்கார் தன் பங்குக்கு டிரான்ஸ்பார்மரையும் மின்சாரப் பெட்டிகளையும் நட்டிருக்கும். நீங்கள் ஏறி, இறங்கி, வளைந்து, நெளிந்து, பாதி வழியில் சபதத்தைக் கைவிட்டு, பஸ்ஸும் லாரியும் வரும் ரோட்டில் இறங்கி நடந்து, தெரு முனையை அடையும்போது அங்கே மூன்றடிக்கு நாலடியில் ஓர் இஸ்திரி வண்டி நிற்கும். அதுதான் ஆக்கிரமிப்பு!

இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்திருக்கும் அளவுப்படி, நடைபாதையில் எந்தத் தடையும் இல்லாத இடம் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது ஏறக்குறைய ஆறடி, இருக்க வேண்டும். இரண்டு பேர் எதிரும் புதிருமாக வந்தால் ஒருவர் ரோட்டில் இறங்காமல் போவதற்கும், சக்கர நாற்காலி செல்வதற்கும் வேண்டிய அகலம் அது. நம்முடைய தெருக்களில் ஆறடி கிடக்கட்டும், மூன்றடி தொடர்ச்சியாகக் கிடைத்தால் அதைப் புண்ணியம் என்றே சொல்ல வேண்டும்.

இது வெறும் அசௌகரியம் பற்றிய பேச்சல்ல. 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். காரில் போகவில்லை, மோட்டார் சைக்கிளில் பறக்கவில்லை. காலால் நடந்த ஒரே குற்றத்துக்காகச் செத்தவர்கள். இதையெல்லாம் கருதித்தான் 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட், தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று சொல்லி, ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் அந்த உத்தரவைக் கையில் எடுத்துக்கொண்டு நம் கனவான்கள் எந்தப் பக்கம் ஓடுவார்கள்? தங்கள் வீட்டு சிமெண்டுச் சரிவை இடிக்கவா? பூக்கார அம்மாளின் கூடையை அல்லவா தூக்கப் போவார்கள்!

"அது எங்கள் வீட்டு வாசல். நாங்கள் சொத்து வரி கட்டுகிறோம்" என்பார்கள். வாஸ்தவம். வரி கட்டுவது வீட்டுக்கு. மதில் சுவருக்கு வெளியே ஓர் அங்குலம் கூட அந்த ரசீதில் இல்லை. நடைபாதையில் வண்டி நிறுத்தக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் விதிகள் திட்டவட்டமாகச் சொல்கின்றன. மறுபக்கத்தில், தெருவில் வியாபாரம் செய்வது தகுந்த கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட ஓர் அடிப்படை உரிமை என்று 1989லேயே சுப்ரீம் கோர்ட் ஒப்புக்கொண்டது. 2014ஆம் ஆண்டில் தெரு வியாபாரிகளுக்கென்றே பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்தது. வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கிற வரையில் இருப்பவர்களை அப்புறப்படுத்தக் கூடாது என்பதும், பிறகு அப்புறப்படுத்துவதானாலும் 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கின்றன. ஆக, சட்டத்தின் கண்ணில் இஸ்திரி வண்டிக்காவது ஒரு நியாயம் உண்டு; உறை போர்த்திய காருக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் லாரியில் ஏற்றப்படுவது எது என்பதை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

சரி, நியாயத்தை விடுங்கள். நியாயத்துக்காக மட்டும் மனம் மாறுகிறவர்கள் உலகத்தில் குறைவு. சுயநலத்தைப் பற்றிப் பேசுவோம்.

ஒரு தெருவுக்குப் பாதுகாப்பு எங்கிருந்து வருகிறது? ஒரு காலத்தில் வீட்டுக்குத் திண்ணை இருந்தது. திண்ணையில் யாராவது ஒரு தாத்தா இருந்தார். அவர் வேலை வெட்டி இல்லாதவர் என்று வீட்டில் பெயர் வாங்கியிருந்தாலும், தெருவுக்கு அவர்தான் காவல். திண்ணை இடிந்தது, மதில் வந்தது. மதில் ஆள் உயரமாயிற்று. பிறகு வீடு இடிந்து அடுக்கு மாடி வந்தது. காருக்கு இடம் விட்டுத்தான் கட்ட வேண்டும் என்று கட்டட விதிகள் சொல்கின்றன. அதில் தவறில்லை. ஆனால் அதன் பலன் என்ன? கீழ்த் தளம் முழுவதும் தூண்களும் கார்களும். மனிதர்கள் முதல் மாடிக்கு மேலே, கண்ணாடிக் கதவுக்குள், ஏ.ஸி.யின் இரைச்சலுக்குள் போய்விட்டார்கள். தெருவைப் பார்க்கிற உயரத்தில் ஒரு ஜன்னல் கூட இல்லாத தெருக்கள் இன்று எத்தனையோ. பிற்பகல் இரண்டு மணிக்கு அங்கே ஒருத்தி "ஐயோ" என்று அலறினால் கேட்பதற்கு இருபது கார்கள் இருக்கும்.

அந்த வேளையில், அந்தத் தெருவில், கண் விழித்து நிற்கிற ஒரே மனிதர் யார்? இஸ்திரிக்காரர்தான். எந்தப் பையன் எந்த மாடிப் பையன், அவன் பள்ளிக்கூட வேன் எத்தனை மணிக்கு வரும், வேன் வந்தும் கூட்டிப் போக ஆள் வரவில்லையென்றால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மூன்றாம் மாடிப் பெரியவர் தனியாக இருக்கிறார், காலையில் பால் வாங்க இறங்கவில்லை என்பதை முதலில் கவனிப்பவர் பெட்டிக்கடைக்காரர். மூன்று நாளாக ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து தெருவை நோட்டம் விடுகிறான் என்பதைப் பூக் கட்டிக்கொண்டே பார்த்துவிடுவாள் அந்த அம்மாள். இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும் பெண், தெரு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதில்லை; பெட்டிக்கடை விளக்கு எரிகிறதா என்றுதான் பார்க்கிறாள். அது எரிந்தால் அங்கே ஓர் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

இது என்னுடைய புதுக் கண்டுபிடிப்பல்ல. 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற பெண்மணி, நகரங்களின் வாழ்வையும் சாவையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நியூயார்க்கில் தாம் குடியிருந்த தெருவைப் பார்த்து அவர் சொன்ன முடிவு இதுதான்: தெருவைக் காப்பது முதற்கண் போலீஸ் அல்ல, அங்கே தங்கள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும் கடைக்காரர்களும், போகிறவர் வருகிறவர்களும், அவர்களுடைய கண்களுந்தான். நம் ஊரில் இதை எந்தப் பாட்டியும் சொல்வாள். ஆனால் பாட்டி சொன்னால் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறாது. அதனால்தான் அமெரிக்காவைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது.

கேமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருடனைப் பிடிக்கப் போலீஸுக்கு அது பெரிய ஒத்தாசை. ஆனால் அதன் உபகாரம் பெரும்பாலும் சங்கிலி அறுபட்ட பிறகுதான் ஆரம்பமாகிறது. கேமரா "யாரப்பா அது?" என்று கேட்காது. மயங்கி விழுந்தவருக்குச் சோடா உடைத்துக் கொடுக்காது.

"ஆள் இருந்தால் மட்டும் போதுமா? 2016ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் தேதி காலையில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம் பெண்ணை வெட்டிக் கொன்றபோது பிளாட்பாரத்தில் ஆட்கள் இல்லையா?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இருந்தார்கள். ஆனால் அவர்கள் ரயிலுக்காக நின்றவர்கள். அடுத்த நிமிஷம் போய்விடப் போகிறவர்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். பத்து வருஷமாக ஒரே மரத்தடியில் நிற்பவருக்கு அந்தத் தெருவில் ஒரு பெயர் இருக்கிறது. நாளைக்கும் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும். அரிவாளுக்கு எதிரே அவரும் தயங்கலாம். அந்தக் கணத்தில் யார் என்ன செய்வார் என்பதற்கு ஒருவரும் ஜவாப்தாரி ஆக முடியாது. ஆனால் பல நாள் பின்தொடர்ந்து வருகிற ஒருவனை முதல் நாளே கவனித்து ஒரு வார்த்தை கேட்கக்கூடியவர் அவரைத் தவிர வேறு யார்?

இன்னொரு ஆட்சேபம் உண்டு. அதைப் பெண்கள் சொல்லுகிறார்கள், ஆகவே மரியாதையோடு கேட்க வேண்டும். டீக்கடை வாசலில் சிகரெட்டும் கையுமாகக் கூட்டம் நிற்கிறது, போகிற வருகிற பெண்களை முறைக்கிறது, அதைத் தாண்டிப் போகவே கூசுகிறது என்கிறார்கள். உண்மை. அதற்கு வைத்தியம், கூட்டத்தைக் கடையின் ஒரு பக்கமாக ஒதுக்குவதும், வம்பு செய்கிறவனைப் போலீஸில் ஒப்படைப்பதும், கடைக்காரரையே அதற்குப் பொறுப்பாளியாக்குவதும். தலைவலிக்குத் தலையை வாங்கிவிட்டால் தெரு நிச்சயம் அமைதியாகத்தான் இருக்கும். எந்தப் பெண்ணும் தனியே நடக்க அஞ்சுகிற அமைதி.

எல்லாவற்றையும் விட வேடிக்கை ஒன்றுண்டு. காலை ஏழு மணிக்குக் கீரை வாசலுக்கு வர வேண்டும். எட்டு மணிக்குக் கீரைக்காரி கண்ணில் படக் கூடாது. சட்டை மடிப்புக் கலையாமல் வர வேண்டும். மடித்தவருக்கு நிற்க நிழல் கூடாது. பத்து நிமிஷத்தில் பாலும் ரொட்டியும் கொண்டுவரும்படி டெலிபோனில் தட்டுவோம்; அவற்றைச் சுமந்துகொண்டு நடைபாதை மேலேயே மோட்டார் சைக்கிளை ஓட்டி வரும் பையனைக் கண்டால், "நாடு கெட்டுப் போய்விட்டது" என்று பெருமூச்சு விடுவோம். உழைப்பு வேண்டும், உழைக்கிற ஆள் வேண்டாம் என்பதுதானே இதன் சாரம்? இதற்கு ஆக்கிரமிப்பு ஒழிப்பு என்று பெயர் சூட்டியிருக்கிறோம்.

நடப்பவருக்கும் விற்பவருக்கும் சண்டை மூட்டிவிட்டு, நடுவில் கார் படுத்துக்கொள்கிறது. உண்மையில் அவர்கள் இருவரும் எதிரிகள் அல்ல. எல்லாத் தெருவிலும் எல்லா இடத்திலும் கடை போடலாம் என்று நான் வாதிக்கவில்லை. நெருக்கடி மிகுந்த இடங்களில் கூடாது என்று சொல்வதற்கு 2014ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. எங்கே கடை, எங்கே கூடாது என்பதைப் பற்றி யோசனை சொல்வதற்கு நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். அதில் குறைந்தது நூற்றுக்கு 40 பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகள். அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். குடியிருப்போர் சங்கங்களுக்கும் அங்கே நாற்காலி உண்டு. பூக்கார அம்மாளோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுவதற்குச் சட்டம் வழி செய்திருக்கிறது. உட்காருவதற்குத்தான் நமக்கு மனம் வேண்டும்.

ஆகையால் குடியிருப்போர் சங்கத்துக் காரியதரிசிகளுக்கு என் விண்ணப்பம் இது. அடுத்த மனு எழுதுவதற்கு முன்னால் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குங்கள். முதலில் தலைவர் வீட்டு வாசலிலிருந்து ஆரம்பியுங்கள். கார் ஏறும் சரிவை மதிலுக்கு உள்ளே கொண்டு போங்கள். காரை, அதற்கென்று கட்டிய தூண்களுக்கு நடுவே நிறுத்துங்கள். தொட்டிகளை மொட்டை மாடிக்கு ஏற்றுங்கள். அங்கே வெயில் நன்றாகக் கிடைக்கும். இப்படி நடப்பவருக்கு ஆறடி ஒதுக்கிய பிறகு, மீதியில் இஸ்திரி வண்டிக்கும் பெட்டிக்கடைக்கும் நாலடிக் கோடு ஒன்று கிழித்துக் கொடுங்கள். அதற்குப் பிறகும் அவர்கள் கோட்டைத் தாண்டினால் தாராளமாக மனுப் போடுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன்.

அதுவரையில், தெரு முனையில் அந்த ஒரு விளக்கை அணைக்கச் சொல்லி யாராவது காகிதத்தை நீட்டினால், உங்கள் வீட்டுப் பெண் எத்தனை மணிக்குத் திரும்பி வருகிறாள் என்பதை ஒரு தரம் நினைத்துப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறவுங்கள்.