கறித்தூளுக்கு எந்த முகம்?

சென்ற மாதம் ஊருக்குச் சென்றிருந்தபோது, எனக்குத் தங்கை முறையான ஒருவர் தமது கைத்தொலைபேசியை நீட்டி ஒரு கேள்வி கேட்டார். மிளகாயையும் மல்லியையும் வீட்டிலேயே வறுத்து, ஆலையில் கொடுத்து அரைப்பித்து, கறித்தூளாகப் பொதி செய்து விற்பவர் அவர். 2009ஆம் ஆண்டு மே மாதத்தின் பின்னர் அவருடைய கணவர் பற்றிய தகவல் எதுவும் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகளையும் இந்தத் தூளைக்கொண்டுதான் படிப்பித்தார். முன்பெல்லாம் அயலட்டைக்கும் ஊர்க் கடைகள் சிலவற்றுக்குமே கொடுத்துவந்தார். 2022இல் பொருளாதார நெருக்கடி வந்து கடைக்காரர்கள் கொள்வனவைக் குறைத்தபோது, மூத்த மகள் பேஸ்புக்கில் ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். இப்போது கொழும்பிலிருந்து ஓடர் வருகிறது. ஊருக்கு வந்துபோகிறவர்களின் பயணப்பொதிகளில் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும்கூட அவருடைய தூள் போகிறது.

அந்தப் பக்கத்தின் புரொபைல் படமாக இருந்தது ஒரு சிவப்பு ரோசாப்பூ.

"அண்ணை, இந்த ரோசாவை எடுத்துப்போட்டு வேற படம் போடச் சொல்லி மகள் நெடுகச் சொல்லுறாள். எந்தப் படத்தைப் போட?" என்று கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. "உம்மட படத்தையே போடும். வேற என்ன?" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு கேட்டார்: "என்ர படத்தைப் போட்டா சனம் தூளைப் பாக்குமோ, என்னைப் பாக்குமோ?"

அன்று என்னால் விடை சொல்ல முடியவில்லை. ஊரிலிருந்து திரும்பியபின் யோசித்ததையே இங்கு எழுதுகிறேன்.

நான் கொடுத்த ஆலோசனை என் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. சிறு வியாபாரிகளுக்கு இணையச் சந்தைப்படுத்தல் கற்பிப்பவர்கள் பலரும் சொல்வது அதுவே. சின்னத்தைவிட முகம் நம்பிக்கை தரும் என்பார்கள். அதற்கு ஆதாரமும் உண்டு. அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜனின் வில்லிஸ், அலெக்சாண்டர் டொடோரோவ் ஆகிய இருவரும் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் அறியாத ஒருவரின் முகத்தை ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே, இவர் நம்பத்தக்கவரா இல்லையா என்று மனிதர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. கூடுதல் நேரம் கொடுத்தாலும் முடிவு பெரிதும் மாறுவதில்லை. அந்த முடிவின்மேல் உள்ள உறுதிதான் கூடுகிறது. முடிவு சரியானதா என்பது வேறு கேள்வி. கைத்தொலைபேசித் திரையில் நகமளவு வட்டத்துக்குள் தெரியும் படம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

முகத்தைக் காட்டி வியாபாரம் செய்வது பேஸ்புக்குடன் தொடங்கிய வழக்கமும் அன்று. பீடிக் கட்டின் லேபலில் மீசை முறுக்கிய முதலாளியின் படத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். இந்தியாவின் எம்.டி.எச். மசாலாப் பெட்டியில் தலைப்பாகையுடன் சிரிக்கும் முதியவரை உலகெங்கும் உள்ள வாசகர்கள் அறிவார்கள். அவர் மகாஷே தரம்பால் குலாட்டி. சியால்கோட்டிலிருந்து 1947 பிரிவினையின்போது அகதியாக டில்லிக்கு வந்து, சிறிது காலம் குதிரைவண்டி ஓட்டிப் பிழைத்தவர். 2020இல் காலமாகும்வரை தமது விளம்பரங்களில் தாமே தோன்றினார். சென்னையில் சரவணா ஸ்டோர்ஸ் விளம்பரங்களில் அதன் உரிமையாளர் சரவணன் தாமே நடித்தபோது எழுந்த கேலி கொஞ்சநஞ்சமன்று. ஆனாலும் அந்தக் கடை யாருடையது என்பதில் பார்த்தவர் எவருக்கும் பின்னர் ஐயம் இருக்கவில்லை.

இந்த உதாரணங்களை அடுக்கியபோதுதான் ஒரு விடயம் உறைத்தது. இவர்கள் எல்லோரும் ஆண்கள். பொதிகளிலும் விளம்பரங்களிலும் பெண் முகங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவை பெரும்பாலும் வரையப்பட்ட முகங்கள், அல்லது கூலி பெற்று நடித்த முகங்கள். 'இது என் கடை, நானே உரிமையாளர்' என்று தன் முகத்தை ஒட்டிய பெண்ணை நினைவுபடுத்த எனக்கு நெடுநேரம் பிடித்தது.

முகம் நம்பிக்கையை மட்டுமே கொண்டுவருவதில்லை. பார்ப்பவரின் மனதில் ஏற்கனவே இருக்கும் எல்லாவற்றையும் அது கிளப்பிவிடுகிறது. வீடுகளை நாள்வாடகைக்கு விடும் எயார்பிஎன்பி தளத்தில், நம்பிக்கை வளர்ப்பதற்காகவே வீட்டுக்காரரின் முகப்படம் பெரிதாகக் காட்டப்பட்டது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் எடெல்மன், மைக்கேல் லூக்கா ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, நியூயோர்க் நகரில் ஏறத்தாழ ஒரே தரமான வீடுகளுக்குக் கறுப்பினத்தவரல்லாத உரிமையாளர்கள் பெற்ற வாடகை, கறுப்பின உரிமையாளர்கள் பெற்றதைவிடச் சுமார் 12 சதவீதம் அதிகம். வீடு பதிவு உறுதியாகும்வரை விருந்தினரின் படத்தை வீட்டுக்காரருக்குக் காட்டுவதில்லை என்று அந்த நிறுவனம் 2018இல் முடிவு செய்தது. நம்பிக்கைக்காக வைத்த முகம் பாகுபாட்டுக்கும் வழிவிட்டது என்பதே அதன் பொருள்.

அமெரிக்காவில் நிறம் என்றால் எங்கள் ஊரில் பொட்டு. என் தங்கை பொட்டு வைத்த படத்தைப் போட்டால் ஒரு கதை. பொட்டில்லாத படத்தைப் போட்டால் இன்னொரு கதை. கணவர் இருக்கிறாரா இல்லையா என்று அரசாங்கமே இன்றுவரை பதில் சொல்லாத ஒரு பெண்ணிடம், அந்தக் கேள்விக்கான விடையை நகமளவு வட்டத்துக்குள் வரைந்து காட்டும்படி நான் கேட்டிருக்கிறேன். 'சிரித்த முகமாக இருந்தால் நல்லது' என்றும் சேர்த்துச் சொல்லியிருப்பேன். அவருடைய கேள்வி என்னைத் தடுத்தது.

எங்கள் மண்ணில் புகைப்படம் என்பது எதற்கெல்லாம் பயன்பட்டது என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். சோதனைச் சாவடியில் அடையாள அட்டைப் படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்த சிப்பாயின் முன் நின்றவர்கள் நாம். வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு அனுப்பிய படம், மரண அறிவித்தலுக்குத் தேடியெடுத்த படம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வரிசை உண்டு. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின், கணவன்மாரின் படங்களை ஏந்தியபடி தாய்மாரும் மனைவிமாரும் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரங்களில் அமர்ந்தார்கள். என் தங்கையும் அப்படி ஒரு படத்தை ஏந்தியவர். படம் போடுவது அவருக்கு விளையாட்டுக் காரியம் அன்று.

இவற்றுக்கு மேலாக அன்றாடத் தொல்லைகள். பெண் படம் உள்ள இலக்கத்துக்கு நள்ளிரவில் வரும் 'ஹாய்'. படத்தை எடுத்து வேறு பெயரில் போலிக் கணக்குத் திறக்கும் கயவர்கள். 'உழைக்கிறதுக்கு இப்பிடி முகத்தைக் காட்டவேணுமோ' என்று கேட்கும் உறவினர்கள். பெண்கள் நடத்தும் எத்தனையோ பக்கங்களில் ரோசாப்பூவும் பிள்ளையாரும் யாரோ ஒரு வெள்ளைக்காரக் குழந்தையும் வீற்றிருப்பதன் காரணம் இரசனைக் குறைவு அன்று; அது ஒரு வேலி.

அப்படியானால் ரோசாப்பூவே இருக்கட்டும் என்று விட்டுவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. வாங்குபவருக்கும் ஒரு பயம் இருக்கிறது. வங்கிக் கணக்குக்குப் பணத்தை அனுப்பிவிட்டுப் பொருள் வராமல் ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர். அத்தகைய ஏமாற்றுக்காரர்களும் ரோசாப்பூவைத்தான் வைத்திருப்பார்கள். நேர்மையாகத் தூள் இடிப்பவரும் திருடனும் ஒரே முகமூடியை அணிந்தால் நட்டம் நேர்மையானவருக்கே.

வியாபாரப் பக்கத்தின் படம் ஒரேயொரு கேள்விக்கு விடை சொன்னால் போதும்: 'தூளில் பூஞ்சணம் பிடித்திருந்தால் நான் யாரிடம் கேட்பது?' அழகும் வயதும் மணநிலையும் அந்தக் கேள்விக்குள் இல்லை. பதில் சொல்லும் ஆள் ஒருவர் இருக்கிறார் என்பதுதான் தெரியவேண்டும். அதைச் சொல்ல முகம் ஒரு வழி. அது மட்டுமே வழி அன்று.

வேலை செய்யும் கைகளைக் காட்டலாம். தாச்சியில் மிளகாய் வறுபடும்போது அகப்பை பிடித்த கை, அந்தப் பக்கத்தை நடத்துபவரின் கையாகவே இருக்கட்டும். அவருடைய முற்றத்தில் பாயில் காயும் மிளகாயைக் காட்டலாம். பொதியில் ஒட்டும் லேபலையே காட்டலாம். ஆனால் அந்த வட்டத்துக்குள் நான்கு வரி எழுத்தைத் திணித்தால் எவராலும் வாசிக்க முடியாது. ஒரு சொல்லே அதிகம். யன்னலோர வெளிச்சத்தில் எடுத்த படம் போதும். பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் பொதியிலும் ஒரே படம் இருக்கவேண்டும். தைப்பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று மாற்றினால் வாடிக்கையாளர் தடுமாறுவார். கூகிளில் தேடியெடுத்த படம் மட்டும் வேண்டாம். அது இன்னொருவருடைய தூள்.

இன்னும் இரண்டு நடைமுறை விடயங்கள். பலர் கடைக்கென்று பக்கம் திறக்காமல் தனிப்பட்ட கணக்கிலேயே வியாபாரம் செய்கிறார்கள். தனிப்பட்ட கணக்கை முதன்மையாக வணிகத்துக்குப் பயன்படுத்துவது பேஸ்புக்கின் விதிகளுக்கு முரணானது. 5000 நண்பர்களுக்கு மேல் சேர்க்கவும் முடியாது. அதைவிட முக்கியம், பிள்ளைகளின் படங்களும் வீட்டு விசேடங்களும் வாடிக்கையாளர் கண்ணில் படும். அடுத்தது, 2018இல் அறிமுகமான வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியை வேறோர் இலக்கத்துடன் அதே கைத்தொலைபேசியில் வைத்துக்கொள்ளலாம். வியாபார இலக்கத்துக்கு மிளகாய்ப் படம். சொந்த இலக்கத்துக்கு எது விருப்பமோ அது. இரவு எட்டு மணிக்குப் பிறகு முதலாவதை மூடிவிடலாம்.

வாங்குபவர்களுக்கும், குறிப்பாகப் புலம்பெயர்ந்து வாழும் எம்மவர்களுக்கும், ஒரு வார்த்தை. 'முகம் தெரியாத ஆளிடம் எப்படி வாங்குவது' என்று கேட்பது உங்கள் உரிமை. தொலைபேசி எடுத்துப் பேசுங்கள். முதலில் கால் கிலோ எடுத்துப் பாருங்கள். ஊரிலுள்ள உறவினரிடம் விசாரியுங்கள். முகம் காட்டாததையே குற்றமாக எண்ணிவிடாதீர்கள். முகத்தைக் காட்டிய பெண்ணிடம் தூளைப் பற்றி மட்டும் பேசுங்கள். நாம் பார்க்கும் விதம் மாறாதவரை, படத்தைத் தெரிவு செய்யும் பாரம் முழுவதும் அவர்கள் தலையிலேயே இருக்கும்.

இவற்றை எல்லாம் தங்கையிடம் தொலைபேசியில் சொன்னேன். முகத்தைப் போடும்படி சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் சிரித்தார். தாச்சியும் கையும் உள்ள படத்தை மகள் ஏற்கனவே எடுத்துவிட்டாளாம். கையில் பழைய எண்ணெய்ச் சூட்டுத் தழும்பு ஒன்று தெரிகிறதாம். 'அதை மறைக்கட்டோ' என்று மகள் கேட்க, 'வேண்டாம், அது தூள்காரியின்ர கைதானே' என்றாராம். முகத்தைப் பிறகு பார்ப்போம் என்றார். அந்த முடிவு அவருடையது.

வைக்குமுன் ஒரு கேள்வி கேட்டார். "அண்ணை, உங்கட எழுத்துக்கு மேல இருக்கிற படம் எந்தக் காலத்துப் படம்?"

2001இல் எடுத்தது. தலை நிறையக் கறுத்த மயிர். மற்றவர்களின் படத்துக்கு ஆலோசனை சொன்னவன் இத்தனை ஆண்டுகளாக ஓர் இளைஞனின் முகத்தைக் காட்டியே எழுதிவந்திருக்கிறேன். நேற்று யன்னலோரத்தில் நின்று புதிய படம் ஒன்று எடுத்தேன். இனி அதுதான் இருக்கும்.