டீச்சரின் கடிதப் பெட்டி: வீட்டுக்குள் ஓடினால் பதக்கமா?



போன மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. கோபமும் எழுத்துக்கு எழுத்து தெரிகிறது.

"என் மகள் படிவம் மூன்றில் படிக்கிறாள். கைபேசியில் ஏதோ ஓட்டப் பந்தயமாம். வீட்டுக்குள்ளேயே ஓடலாமாம், சைக்கிள் மிதிக்கலாமாம். 60 வெள்ளி கட்டினால் சட்டையும் பதக்கமும் தபாலில் வருமாம். டீச்சர், இது நிஜமா, ஏமாற்று வேலையா? பெண் பிள்ளை ரோட்டில் ஓடுவது அவள் அப்பாவுக்குப் பிடிக்காது. அதனால் இதையாவது விடுங்கள் என்று அழுகிறாள்."

அம்மா, முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். நிஜம்தான். உலகத்தில் பெரிய பெரிய பந்தயங்களே இப்படி நடந்திருக்கின்றன. 2020-ஆம் ஆண்டு கோவிட் நோயால் ஊரெல்லாம் அடைபட்டுக் கிடந்தபோது, லண்டன் மாரத்தான் அக்டோபர் 4-ஆம் தேதி இந்த முறையில்தான் நடந்தது. முன்னணி வீரர்கள் மட்டும் லண்டன் பூங்கா ஒன்றைச் சுற்றி ஓடினார்கள். மற்றவர்கள் அவரவர் ஊரில், அவரவர் தெருவில், 24 மணி நேரத்துக்குள் 42.195 கிலோமீட்டரை முடித்துக் கைபேசி வழியாகக் கணக்கு அனுப்பினார்கள். அப்படி முடித்தவர்கள் 37 ஆயிரத்துக்கும் அதிகம்.

சைக்கிளுக்கும் அப்படித்தான். அதே ஆண்டு டிசம்பர் மாதம், உலகச் சைக்கிள் சம்மேளனம் வீட்டுக்குள் மிதிக்கும் பந்தயத்துக்கு முதன்முறையாக உலக வெற்றியாளர் பட்டம் கொடுத்தது. ஆண்களில் ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்போர்ன், பெண்களில் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன் பாசியோ. இந்த ஆஸ்போர்ன் யார் தெரியுமா? படகு வலிக்கிறவர்! அடுத்த வருடம் தோக்கியோ ஒலிம்பிக்கில் படகுப் போட்டியில் வெள்ளிப் பதக்கமும் வாங்கினார். 2023 ஜூன் மாதம் நம் பக்கத்து வீடான சிங்கப்பூரில் ஒலிம்பிக் சங்கமே இப்படிப்பட்ட போட்டிகளை நான்கு நாள் நடத்தியது. அதிலும் வீட்டுச் சைக்கிள் இருந்தது.

ஆகவே உங்கள் மகள் கனவு ஒன்றும் கண்டுவிடவில்லை.

ஆனால் 60 வெள்ளி என்பது நம் வீடுகளில் லேசான காசா? அதனால் இந்தப் பந்தயத்தின் உள் சங்கதியையும் சொல்லியாக வேண்டும். நான் கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை. நானே ஒன்றில் கலந்துகொண்டு, வெட்கப்பட்டு, அப்புறம் திருந்தியவள்.

2021 ஜூன் மாதம் நாடு முழுக்க முழு முடக்கம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடம் இயங்கலையில். காலையில் உட்கார்ந்தால் மதியம் வரை நாற்காலி. பிள்ளைகள் முகம் கைபேசியில் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும். பாதிப் பேருக்கு டேட்டா தீர்ந்து கட்டம் இருண்டு போகும். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, எடை ஏறியது. அந்த நேரம் ஆசிரியர்களின் புலனக் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. பத்து நாளில் 21 கிலோமீட்டர் ஓட்டம், 40 கிலோமீட்டர் சைக்கிள். எல்லாம் வீட்டுக்குள். கட்டணம் 50 வெள்ளி. கட்டிவிட்டேன். வீட்டுக்காரரிடம் 30 என்று சொன்னேன். (இதை அவர் வாசித்தால் வாசிக்கட்டும்.)

ஓட்டம் என்றால் என்ன ஓட்டம்? ஓடும் இயந்திரம் வாங்க நமக்கு ஏது வசதி? அந்த இயந்திரத்துக்கே ஒரு கதை உண்டு. 1818-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் சிறைக் கைதிகளுக்காக மிதிசக்கரம் ஒன்றைச் செய்தார். கைதிகள் ஏறிக்கொண்டே இருப்பார்கள், படி கீழே போய்க்கொண்டே இருக்கும். 1898-இல்தான் சட்டம் போட்டு அந்தத் தண்டனையை நிறுத்தினார்கள். இன்றைக்கு அதன் தம்பி மீது ஏற நகரத்தில் மாதச் சந்தா கட்டுகிறார்கள்.

நான் அஞ்சடியில் நின்ற இடத்திலேயே ஓடினேன். வீட்டுக்குள் கைபேசிக்குச் செயற்கைக்கோள் கணக்கு சரியாகக் கிடைக்காது. அது உடம்பு குலுங்குவதை வைத்து அடிகளை எண்ணி, நம் உயரத்தை வைத்து ஓர் அடிக்கு இத்தனை சென்டிமீட்டர் என்று தானே ஒரு தூரத்தைப் போட்டுக்கொள்கிறது. நான் ஒரு மீட்டர்கூட நகரவில்லை, கைபேசியோ 2 கிலோமீட்டர் என்கிறது! சரி, வியர்வை நிஜம்தானே என்று விட்டுவிட்டேன்.

சைக்கிளில்தான் மாட்டிக்கொண்டேன். அப்பா காலத்துப் பெரிய சைக்கிளை எடுத்து, இரட்டைக்கால் ஸ்டாண்டைப் போட்டுப் பின்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி நிறுத்தினோம். சக்கரத்தின் நடுவில் ஒரு சின்னக் கருவியை என் மகன் மாட்டினான். சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்று அது எண்ணும். ஒரு சுற்றுக்கு 2 மீட்டருக்குச் சற்று மேல். முதல் நாள் நாற்பது நிமிடத்தில் 20 கிலோமீட்டர் காட்டியது. எனக்கு ஒரே பெருமை. உடனே படம் பிடித்து ஏற்பாட்டாளர்களுக்கு அனுப்பிவிட்டேன்.

மகன் ஒரு மாதிரி பார்த்தான். "அம்மா, உங்களுக்கு வேர்க்கவே இல்லையே," என்றான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான். "டயரு தரையில படல, நீங்க காத்துல மிதிக்கிறீங்க. எடை இழுக்காம எப்படி அம்மா கணக்கு?"

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு உராய்வு விசையைப் பாடமாக நடத்துகிற டீச்சருக்கு இதைச் சொல்ல அவன் வேண்டியிருந்தது.

உண்மையான போட்டிகளில் இதற்காகத்தான் சைக்கிளை ஒரு தனி இயந்திரத்தில் பூட்டுகிறார்கள். உள்ளே காந்தம் இருந்து சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். திரையில் மேடு வந்தால் பிடி இறுகும், இறக்கம் வந்தால் தளரும். கால் எவ்வளவு பலம் கொடுக்கிறது என்பதை வாட் கணக்கில் அளக்கிறார்கள். அதோடு ஆளின் எடையையும் சேர்த்துத்தான் திரையில் வேகம் வரும். அதனால் எடையைக் குறைத்து எழுதினால் வேகம் கூடும். அப்படிப் பொய் எழுதுகிறவர்களும் உண்டு. 2019-இல் பிரிட்டனில் காமரன் ஜெஃபர்ஸ் என்ற வீரர் வீட்டுச் சைக்கிள் தேசியப் பட்டத்தை வென்றார். பிறகு பார்த்தால், போட்டியில் ஓட்டிய விசேஷத் திரைச் சைக்கிளைப் பெறுவதற்குத் தேவையான ஏற்றத்தை அவர் மிதித்து ஏறவில்லை. கணினி நிரல் ஒன்று அவருக்குப் பதிலாக மிதித்திருக்கிறது! பட்டத்தைப் பறித்தார்கள், 250 பவுண்டு அபராதம், ஆறு மாதத் தடை.

இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் காற்றை மிதித்தவள்தானே? ஏற்பாட்டாளர்களுக்கு நடந்ததை எழுதினேன். "பரவாயில்லை டீச்சர், கணக்கில் ஏற்றிவிட்டோம்," என்று பதில் வந்தது. அவர்களுக்கு 50 வெள்ளி வந்துவிட்டது, வேறு என்ன? இதுதான், அம்மா, நீங்கள் கேட்ட ஏமாற்று வேலை. பந்தயம் பொய்யில்லை. பார்க்க ஆள் இல்லாத இடத்தில் பொய்க்கு வாசல் திறந்து கிடக்கிறது.

மறுநாள் பிரேக் கட்டையைச் சக்கரத்தில் லேசாக உரசும்படி மகன் முடுக்கி வைத்தான். அந்த 20 கிலோமீட்டரைத் திரும்ப மிதித்தேன். மூன்று நாள் ஆனது. தொடை கல்லாகக் கனத்தது. பதக்கம் தபாலில் வந்தது. தையல் மெஷின் மேல் தொங்குகிறது.

இப்போது எதிர்வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். முடக்கத்திலும் தோட்ட வேலை நிற்கவில்லை. நான் அஞ்சடியில் குதிப்பதைப் பார்த்துவிட்டு, "என்னா டீச்சர், நிக்கிற எடத்துலேயே ஓடுறதுக்குக் காசு கட்டுனீங்களா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவரிடம் என் பழைய கைபேசியைக் கொடுத்து, இடுப்பு மடியில் செருகிக்கொண்டு வேலைக்குப் போய் வரச் சொன்னேன். மாலையில் பார்த்தால் 14 ஆயிரம் அடிகளுக்கு மேல்! குனிந்து நிமிர்ந்ததும் மூட்டை தூக்கியதும் அதில் சேரவில்லை. என் பத்து நாள் ஓட்டத்தை மூன்று நாளில் முடித்திருப்பார். அவருக்கு யார் பதக்கம் கொடுத்தார்கள்?

ஆனாலும் அக்காவுக்குச் சர்க்கரை உண்டு. 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த கணக்கெடுப்பில், நாட்டில் வளர்ந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். காட்டில் நடக்கிறோமே, அது போதாதா என்று கேட்பீர்கள். வேலை நடை வேறு அம்மா. அரை வயிற்றோடு போய், மூன்று மணிக்கு வந்து ஒரு மலைச் சோறும் பால் கலந்த இனிப்புத் தேநீருமாக உட்கார்ந்தால் கணக்கு எங்கே நேராகும்? மருந்து மாத்திரையைக் கிளினிக்கில் கேளுங்கள், நான் டாக்டர் இல்லை.

நான் சொல்ல வந்தது வேறு. ஐந்தாம் நாள் மாலை அக்கா தானும் வருகிறேன் என்றார். கதவைச் சாத்தச் சொன்னார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என் கூடத்தில் ஓட ஆரம்பித்தார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். திடீரென்று நின்று சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "டீச்சர், நான் கடைசியா ஓடுனது பன்னெண்டு வயசுல. பெரிய மனுசி ஆனதும் அம்மா அடி கொடுத்து நிறுத்திட்டாங்க. நாப்பது வருசம் ஆச்சு."

அம்மா, உங்கள் மகள் அழுவதாக எழுதினீர்களே, அந்த வரியை வாசித்தபோது எனக்கு அக்கா முகம்தான் வந்தது. சாத்திய கதவுக்குப் பின்னால் ஓடுவது, ஓடாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல். அக்காவுக்கு அது போதும், அவருக்கு ஐம்பதுக்கு மேல். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது போதாது.

அவள் அப்பாவுக்கு ஒரு வார்த்தை. அண்ணே, 1966-ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வாங்கிய எம். ராஜாமணி நம் பெண்தான். நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதும் அவருக்குத்தான் கிடைத்தது. அவர் ஓடியது ஊர் பார்க்க. 1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வாங்கிய ஜி. சரவணனை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சைக்கிள் ஆசை என்றால், நம் மாநிலத்திலேயே நீலாயில் கூரை போட்ட சைக்கிள் அரங்கம் இருக்கிறது. 250 மீட்டர் மரத்தளப் பாதை. 2017 சீ விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டியது. 2018-இலும் 2023-இலும் ஆசியப் போட்டிகளே அங்கே நடந்தன. நம் அசிசுல்ஹஸ்னி அவாங் 2016 ரியோவில் வெண்கலமும், 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் வாங்கியது இப்படிப்பட்ட மரப்பாதையில்தான். அதுவும் 'உள்ளே' மிதிப்பதுதான், ஆனால் ஆயிரம் கண் பார்க்க!

தெருவில் நாய், லாரி, வாலிபர்களின் கிண்டல் என்று நீங்கள் பயப்படுவது எனக்குப் புரியாமல் இல்லை. எனக்கும் பிள்ளை இருக்கிறது. தனியாக விட வேண்டாம். எங்கள் லயத்தில் முடக்கம் முடிந்ததும் அக்காவும் நானும் இன்னும் இரண்டு பேரும் மாலை ஐந்தரைக்குக் கோயில் வரை போய் வர ஆரம்பித்தோம். போகும்போது நடை, வரும்போது முடிந்தவரை ஓட்டம். முதல் வாரம் கோழிக் கடை வாசலில் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் ஒரு பாட்டி சேர்ந்துகொண்டார்.

இனி 60 வெள்ளி. இந்தத் தடவை அதைக் கட்டாதீர்கள் என்பதுதான் என் எண்ணம். பிள்ளை மனம் வாடும், தெரியும். அந்தக் காசோடு கொஞ்சம் போட்டுச் சிரம்பானிலோ பகாவிலோ நல்ல ஓட்டச் சப்பாத்து ஒன்று வாங்கிக் கொடுங்கள். மாலையில் கடைக்குப் போங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். காலுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். 'வளர்கிற பிள்ளை' என்று இரண்டு அளவு பெரிதாக மட்டும் வாங்கிவிடாதீர்கள். நம் வீட்டுப் பழக்கம் அது, கொப்புளம்தான் மிச்சம்.

மழை நாளில் அஞ்சடியில் ஓடட்டும். வெயில் நாளில் தோட்டத்துத் திடலில் ஓடட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் திடலை நான்கு சுற்று சுற்றும்போது, அப்பா கம்பத்தருகே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லட்டும். எத்தனை நிமிடம் ஆனது என்று அவளையே எனக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுத வேண்டாம்.